சாலையில் நிற்கும் மாட்டுக்கு யார் பொறுப்பு? பினாங்கு மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கின் 40 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் 13 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இரவு நேரத்தில் மாட்டில் மோதி ஒருவர் இறந்துபோனால், அவர் குடும்பம் யாரிடம் இழப்பீடு கேட்பது? இந்தக் கேள்விக்கு நம் சட்டத்தில் நேரான பதில் இல்லை. அந்தப் பதிலை எழுதும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால்தான் இந்த மடல்.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. விபத்துக் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். காரும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டால் பதிவு எண் இருக்கிறது. அதை வைத்து உரிமையாளரையும் காப்புறுதி நிறுவனத்தையும் கண்டுபிடித்துவிடலாம். மோதிய வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றாலும், மோட்டார் காப்புறுதியாளர் வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். மாட்டு விபத்தில் மட்டும் எதிர்த்தரப்பின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது.

பிறை தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், ஜாவி வழியாக நிபோங் திபாலுக்குத் திரும்பும் பிள்ளைகள் எத்தனையோ பேர். விளக்கில்லாத வளைவில் கறுப்பு மாடு படுத்திருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. விபத்து நடந்த இடத்துக்கு மாட்டுக்காரர் வருவதில்லை. மறுநாள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், போய்க் கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த மாடு உயிரோடு இருந்தவரை அதற்குப் பால் கறக்க ஆள் இருந்தது, விலை பேச ஆள் இருந்தது. ஒரு மனித உயிர் போன பிறகு அது யாருடைய மாடும் இல்லை என்றாகிவிடுகிறது. அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் தாயிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் 52ஆவது பிரிவைப் பாருங்கள். மாட்டில் மோதிய ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அது குற்றம். மாட்டின் உரிமையாளர் வந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. காப்புறுதியிலும் இதே கதைதான். நாம் எடுக்கும் மூன்றாம் தரப்பு காப்புறுதி மற்றவருக்கு நேரும் சேதத்துக்கானது. ஓட்டுநர்மேல் தவறு என்று தீர்ப்பானால் வழக்கமான பாலிசி செத்த மாட்டுக்குக்கூட ஈடு கட்டும். ஓட்டிச் சென்றவனின் உடைந்த காலுக்கு அதில் ஒரு சென் கிடையாது. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்து என்றால் பெர்கேசோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. சந்தாவே கட்டாத ஒப்பந்த வேலையாளுக்கும், பள்ளிப் பிள்ளைக்கும், கோயிலுக்குப் போய்த் திரும்பிய அம்மாவுக்கும் அதுவும் இல்லை.

மாட்டுக்காரர் மேல் வழக்குப் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் அங்கே ஒரு பழைய ஆங்கிலத் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. இங்கிலாந்தில் இரவில் சைக்கிளில் போன ஒருவர், வேலி தாண்டிச் சாலைக்கு வந்துவிட்ட குதிரையில் மோதினார். சேர்ல் எதிர் வால்பேங்க் என்ற அந்த வழக்கில் 1947-இல், அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்பு இது: சாலையோர நிலக்காரர், தன் கால்நடை சாலைக்குப் போகாமல் வேலி போட்டுத் தடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். நம் சிவில் சட்டம் 1956-இன் 3ஆவது பிரிவு, 1956 ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டத்தை, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சட்டத்தை, தீபகற்ப மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தேதியில் இந்த விதி அங்கே உயிரோடு இருந்தது. இங்கிலாந்தே 1971-இல் விலங்குகள் சட்டத்தின் 8ஆவது பிரிவால் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. கனடாவின் உச்ச நீதிமன்றம் அதற்கும் முன்பே, 1959-இல், பிளெமிங் எதிர் அட்கின்சன் வழக்கில் அதை ஏற்க மறுத்தது. இங்கிலாந்துச் சாலைகளின் பழைய வரலாற்றில் பிறந்த விதி கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக்குப் பொருந்தாது என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட காரணம். அந்த வழக்கிலும் சாலைக்கு வந்தவை மாடுகள்தான்.

நம் சிவில் சட்டத்தின் அதே 3ஆவது பிரிவு, உள்ளூர் சூழ்நிலைக்கு ஒத்துவரும் அளவுக்கு மட்டுமே ஆங்கிலச் சட்டம் செல்லும் என்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நல்ல வழக்கறிஞர் வாதாடலாம், வெல்லவும் செய்யலாம். அதிலும், வேலி பழுதாகித் தப்பிய குதிரைக்குச் சொன்ன விதியை, விடிந்தும் விடியாமலும் வேண்டுமென்றே அவிழ்த்துவிடப்படும் மாட்டுக்கு நீட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நம் சாலைகளில் நிற்கும் மாடுகளில் பல தப்பி வந்தவை அல்ல. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண் எதற்காக 1947-ஆம் ஆண்டு ஆங்கிலத் தீர்ப்போடு மல்லுக்கட்ட வேண்டும்? குடும்பத்தைக் காப்பாற்றியவர் இறந்தால், சார்ந்திருந்தவர்கள் சிவில் சட்டத்தின் 7ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்க மூன்றே ஆண்டுகள்தான். மாட்டின் சொந்தக்காரரைத் தேடி அலைவதிலேயே அந்தக் காலம் கரைந்துவிடும்.

குற்றவியல் சட்டத்தின் 289ஆவது பிரிவும் இருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை விதிக்க அது இடம் தருகிறது. உரிமையாளர் யாரென்றே தெரியாத நிலையில் அந்தப் பிரிவை யார்மேல் போடுவது?

இந்த இடத்தில் மாட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மடலைப் படிக்கும் சிலர் அவர்கள்மேல் மட்டும் கோபப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பதே என் பயம். செபராங் பிறையில் மாடு வளர்ப்பவர்களில் நம் தோட்டத்து மக்கள் நிறைய. லைன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, பால்மரம் என்னும் ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவே மேய்ச்சல், மாதச் சம்பளம் போதாத வீட்டுக்குப் பால் காசு என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். தோட்டங்கள் விற்கப்பட்டன. பத்து காவானைப் பாருங்கள்: ஒரு காலத்தில் தோட்டம், இன்று தொழிற்பேட்டை, 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் இறங்கும் இடம். வீட்டுக்குப் பதில் வீடு கிடைத்தவர்கள் உண்டு. மேய்ச்சலுக்குப் பதில் மேய்ச்சல் தர யாரும் நினைக்கவில்லை. மாடுகள் சாலையோரப் புல்லுக்கு வந்ததில் அந்தத் திட்டங்களுக்குக் கையெழுத்திட்டவர்களுக்கும் பங்கு உண்டு. மாட்டில் மோதி விழுந்த பிள்ளையும், பயந்துபோய் வீட்டுக்குள் ஒளிந்துகொண்ட பெரியவரும் ஒரே கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள். இருவரையும் கைவிடாத ஒரு சட்டம்தான் எனக்கு வேண்டும்.

சட்டமன்ற உறுப்பினர்களே, இது எங்கள் வேலை அல்ல என்று சொல்லிவிடாதீர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலிலேயே, கால்நடைப் பட்டிகளும் கால்நடை அத்துமீறலும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. நிலமும் உங்களுடையது, ஊராட்சியும் உங்களுடையது. செபராங் பிறையில் வளர்க்கப்படும் ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் எண் வில்லை, அந்த எண்ணுக்கு நேராக ஒரு பெயர், அந்தப் பதிவேடு மாநகர் மன்றத்திலும் காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும். விபத்தில் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதற்கு முன் அந்த எண்ணைப் புகாரில் எழுதுவது கட்டாயமாக வேண்டும். வில்லையை அறுத்தவருக்குத் தண்டனை, மாட்டை விட்டவருக்கு விதிப்பதைவிடக் கடுமையாக இருக்கட்டும். உரிமையாளரின் அடையாளம் அழியும் இடத்தில்தான் எல்லா வழக்கும் சாகிறது. பதிவு செய்பவருக்கு வேலியடைத்த மேய்ச்சல் இடம் கொடுங்கள். தேசிய நிலச் சட்டத்தில் டி.ஓ.எல். என்னும் தற்காலிக உரிமம் இருக்கிறதே, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துத் தரலாம். இடம் கொடுக்காமல் அபராதம் மட்டும் போட்டால் யாரும் பதிவு செய்ய முன்வரமாட்டார்கள்.

உரிமத்தோடு ஒரு சிறிய கூட்டுக் காப்புறுதியையும் சேர்க்க வேண்டும். நான்கைந்து மாடு வைத்திருப்பவரால் தனியாக இழப்பீடு கட்ட முடியாது. அவருக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினாலும் அது வெறும் காகிதம்தான். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் நிதி இருந்தால் அவர் ஓடி ஒளியவும் தேவையில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உரியது பொறுப்பு பற்றிய சட்டம். அது கூட்டரசுப் பட்டியலில் வருகிறது. 1947 விதி மலேசியாவில் செல்லாது என்று சிவில் சட்டத்தில் ஒரு பிரிவு சேருங்கள். மாடு பொதுச் சாலையில் நின்றதே கவனக்குறைவுக்குச் சான்று என்றும், நான் போதிய கவனம் எடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை வளர்ப்பவருடையது என்றும் எழுதுங்கள். வேலியை யாரோ வெட்டிவிட்டார்கள், வெள்ளம் அடித்துப் போயிற்று என்றால் அவர் அதைச் சொல்லித் தப்பலாம். வேகமாக ஓட்டியவரின் பங்கைக் கழிக்க அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. யாருக்கும் இதில் அநியாயம் நேராது.

அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது எழுந்து மூன்று எண்ணிக்கைகளைக் கேளுங்கள்: செபராங் பிறையில் பதிவான மாடுகள் எத்தனை, மாட்டு விபத்துப் புகார்கள் எத்தனை, அவற்றில் உரிமையாளர் அடையாளம் காணப்பட்டவை எத்தனை. சட்ட நகல்களோடு உங்கள் சேவை மையத்துக்கு வந்து விளக்க நான் தயாராக இருக்கிறேன். இறந்தவர்களின் குடும்பங்களில் பேச விரும்புகிறவர்களையும், மாடு வளர்ப்பவர்களில் வரத் துணிகிறவர்களையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வழக்கறிஞர் குமாஸ்தா