புல்லைக் கொஞ்சம் விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட சென்னையில் 'தூய்மைப் பணி' என்றாலே பொக்லைனை விட்டுப் புல்லை வேரோடு வழிப்பது என்றாகிவிட்டது. காட்டுப்பள்ளிக் கடற்கரையில் படரும் இராவணன் மீசை என்ற புல்லைப் பாருங்கள். உப்புக்காற்றைத் தாங்கி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மணல்மேட்டைக் கரையாமல் பிடித்து வைப்பது அதுதான். முற்றியதும் அதன் முள்பந்து காற்றில் உருண்டோடி விதை பரப்பும். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளும் கூட. ரெட்டேரிப் பக்கம் நாணல், ரயில் பாதையோரம் ஊதாக் கதிர் நீட்டும் புல், அருகம்புல் எங்கேயும். சில்லைக் குருவிகளுக்கு இந்த விதைகள்தான் சாப்பாடு. (கோரை என்பது புல் இனமே இல்லை, சரி, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.) நடைபாதையை மறைப்பதைத் தாராளமாக வெட்டட்டும். மணல்மேட்டில் மட்டும் இயந்திரத்தை இறக்கவே வேண்டாம். ஏரிக்கரையில் விதை முற்றும்வரையாவது பொறுக்கலாம்.

ஒரு வாசகர்,
திருவொற்றியூர்