பெர்னினா மலையில் இறங்கிப் போகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூரிச்சிலிருந்து மிலானுக்கு மலை வழியாக ரயிலில் போக விரும்புகிறவர்களுக்குப் பயண முகவர்கள் பெரும்பாலும் ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ பதிவு செய்து தருகிறார்கள். பெர்னினா மலையைக் கடந்து இத்தாலியின் திரானோ வரை போகும் சுற்றுலா ரயில் அது. பாதை அருமையானது. அந்த வண்டிதான் தேவையில்லை என்பேன். கையில் சுவிஸ் டிராவல் பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு சுவிஸ் ரயில்களில் போகும் சீட்டு) இருந்தாலும் அதில் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. முன்பதிவு அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே என்பதால் நடுவில் இறங்கினால் அது போயிற்று. பெரிய கண்ணாடி ஜன்னல்களைத் திறக்கவும் முடியாது. படமெடுத்தால் நம் முகம்தான் பாதி தெரியும்.

அதே தண்டவாளத்தில் மணிக்கொரு சாதாரண வண்டி ஓடுகிறது. முன்பதிவு வேண்டாம், பல பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம். வழக்கமான சுவிஸ் பயணச்சீட்டில் அன்றைக்குள் வழியில் இறங்கி ஏறவும் தடையில்லை. மலிவு விலை ‘சூப்பர்சேவர்’ சீட்டை மட்டும் வாங்காதீர்கள். அது குறிப்பிட்ட வண்டிக்கே செல்லும்.

சூரிச்சில் காலை ஏழு மணிவாக்கில் கிளம்பி கூர், சமேடான், பொன்ட்ரெசினா என மாறினால் நண்பகலுக்குள் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம். உயரம் 2,253 மீட்டர். ஊட்டி ரயில் நிலையத்தைவிடச் சற்றே அதிகம். பொன்ட்ரெசினாவிலிருந்து வலப்பக்கம் உட்காருங்கள்; மொர்தெராச் பனியாறும் லாகோ பியாங்கோ ஏரியும் அந்தப் பக்கம்தான். இந்த ஏரியின் நீர் ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. பக்கத்திலேயே இருக்கும் கறுப்பு ஏரியின் நீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு.

ஏரிக்கரையோடு அடுத்த நிலையமான ஆல்ப் குரூமுக்கு ஒன்றரை மணி நேர நடை, பெரும்பாலும் இறக்கம். ஜூன் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான் இதை நம்பலாம். மற்ற மாதங்களில் பனி மூடியிருக்கும். அப்போது நேராக ஆல்ப் குரூமிலேயே (2,091 மீட்டர்) இறங்கிக்கொள்ளுங்கள். அங்கே சாலை கிடையாது. நிலையத்தோடு ஓர் உணவகம், எதிரே பாலூ பனியாறு. ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம். பெரிய பெட்டிகளோடு இறங்குவது வீண் பாடு. சிறிய நிறுத்தங்களில் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆல்ப் குரூமிலிருந்து பொஸ்கியாவோ வரை ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறக்கம். கல்லாறு–குன்னூர் ஏற்றத்துக்கு நம் நீலகிரி ரயில் பல்சக்கரத்தை நம்புகிறது. இங்கே ஆயிரம் மீட்டருக்கு 70 மீட்டர் சரிவு, பல்சக்கரம் இல்லாமலே! வளைந்து வளைந்து போவதால் திரானோவை எட்ட ஒன்றேகால் மணிக்கு மேலாகும்.

திரானோ இத்தாலி. இரு நாட்டு நிலையங்களும் அருகருகே இருக்கின்றன. இரண்டு நாடுகளும் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒருமுறை நுழைவு விசாவே போதும். ஆனால் சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை, பைகளைச் சோதிக்கலாம். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வையுங்கள். சுவிஸ் டிராவல் பாஸும் திரானோவோடு முடிகிறது. மிலானுக்கு இரண்டரை மணி நேரப் பயணம். சீட்டைத் தனியாக வாங்க வேண்டும். அச்சிட்ட சீட்டு என்றால் ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம்.

பலர் சிக்குவது அதற்குப் பிறகுதான். மிலானில் இருந்து ரோமுக்கோ வெனிஸுக்கோ அதே மாலையில் மலிவு அதிவேக ரயில் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். திரானோ–மிலான் பாதை பெரும்பகுதி ஒற்றைத் தடம்; எதிர்வண்டி தாமதித்தால் நம் வண்டியும் நிற்கும். அதிவேக வண்டி போய்விட்டால் அந்தச் சீட்டுக்குப் பணம் திரும்பாது. அன்றிரவு மிலானில் தங்குவதே நல்லது. கோடையில் பராமரிப்புக்காக இந்தப் பாதையை மூடி மாற்றுப் பேருந்து விடுவதும் உண்டு. பேருந்து இன்னும் மெதுவாகப் போகும் என்பதால், விடுதிக்குப் பணம் கட்டும் முன்பே அந்தத் தேதிக்கான கால அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்