அந்த ஹான்சோவுக்கு ஒரு நன்றி

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட் ஹான்சோவுக்கு, அதாவது குழுத் தலைவருக்கு, இந்த நன்றி. பெயர் போடவில்லை, உங்களுக்கு அது பிடிக்காது.

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு அங்கே முதல் தலைவலி ஆண்டோன் கயிறு, அதாவது வேலையில் கோளாறு கண்டால் இழுத்துத் தெரிவிக்கும் கயிறு. இழுத்தால் திட்டு விழும் என்று பயந்து, போல்ட் கோணலாக ஏறினாலும் பேசாமல் அனுப்பிவிடுவார்கள். உண்மையில் இழுத்ததும் மஞ்சள் விளக்குதான் எரியும். லைன் உடனே நிற்காது. வண்டி எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் சரிசெய்துவிட்டால் ஓட்டம் தடைப்படாது, இல்லாவிட்டால்தான் சிவப்பு. யார் இழுத்தாலும் ஓடிவந்து முதலில் "அரிகாத்தோ" (நன்றி) என்பீர்கள். அப்புறம்தான் போல்ட்டைப் பார்ப்பீர்கள்.

போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் பிடிக்க உங்களிடம்தான் கற்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மரை கையால். பிறகு கைப்பிடியின் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்து, ஒரே கிளிக்கோடு நிறுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தாலோ, சந்தேகத்தில் இன்னொரு கிளிக் வாங்கினாலோ முறுக்கு கூடிவிடும். கடைசியில் போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

சரிபார்த்ததை விரல் நீட்டிக் காட்டி 'யோஷி' (சரி) என்று கத்துவதெல்லாம் போகப்போகப் பழகிவிடும். வேலைமுறைத் தாள் அப்படியல்ல, முழுக்க கான்ஜி எனும் கடினமான சித்திர எழுத்துகள். யாரும் கேட்காமலே ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே அதன் உச்சரிப்பைப் பென்சிலால் எளிய ஹிராகானா எழுத்தில் எழுதி வைத்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

அங்கே இன்னும் வேலை பார்க்கும் தம்பிகள் யாராவது இதை அவருக்கு ஜப்பானிய மொழியில் சொல்லிவிடுங்கள்.