சாரதா காலேஜ் ரோடு கொரியன் ஓட்டலும் உன் ஏற்காடு யோசனையும்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

நீயும் உன் சிநேகிதியும் கொரியாவில் அந்த சுவோன் நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து ஏற்காட்டில் கொரியன் ஓட்டல் போடப்போவதாகச் சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. எனக்கு அப்படி ஒன்றுமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் மெஸ் நடத்தித்தானே உன்னைப் படிக்கவைத்தேன்? ஓட்டல் தொழில் கெட்ட தொழில் என்று நான் எந்த வாயால் சொல்வது? ஓட்டல் இப்படி இருக்கும் என்று நீ வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை. மர ஜன்னல், தொங்கும் விளக்கு, சுவரில் ஓவியம் எல்லாம் இருக்கிறது. சமையல்கட்டு எங்கே என்று தேடினேன். மூலையில் ஒரு சின்னக் கட்டம்.

இங்கே சேலத்தில் சாரதா காலேஜ் ரோடு பக்கம் ஒரு கொரியன் ஓட்டலுக்குப் போன லீவில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாயே, அதை உள்ளே மொத்தமாகப் பிய்த்துக் கட்டி, மெனுவையும் மாற்றித் திறந்திருக்கிறார்கள். சரி, நேரில் பார்த்துவிட்டே பாப்பாவுக்கு எழுதுவோம் என்று நானும் அம்மாவும் போய்வந்தோம். ஆடி மாதம் பார், கோட்டை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு, வீட்டில் கறி கிடையாது. "ஆடியில போய் கறிக்கடையில உக்காரணுமா?" என்று அம்மா வாசல் வரைக்கும் முனகினாள். எனக்கு அந்த நாளில் போவதுதான் வேண்டியிருந்தது. கறி தின்னாதவன் வந்தால் ஒரு ஓட்டல் என்ன செய்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

பழைய கோலம் உனக்கு நினைவிருக்கும். சுவரெல்லாம் பாட்டுக்காரப் பையன்கள் படம், கூரையில் பிளாஸ்டிக் பூ, ரோஸ் கலர் லைட். அந்த வெளிச்சத்தில் தட்டில் இருப்பது கேரட்டா மிளகாயா என்று தெரியாது. மெனு கார்டைப் புரட்டினால் ஷவர்மா, கோபி மஞ்சூரியன், சில்லி பரோட்டா, பன்னீர் டிக்கா, நடுவில் எங்கேயோ இரண்டு பக்கம் கொரியா. டேபிள் மேலேயே காஸ் அடுப்பு வைத்துக் கறி சுடுவார்கள், புகை போக வழியில்லை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பிட்டாள். அத்தனை அயிட்டம் கார்டில் இருந்தால் அத்தனைக்கும் சரக்கு பிரிட்ஜில் கிடக்க வேண்டும். எது எப்போது வாங்கியது என்று சரக்கு மாஸ்டருக்கே தெரியாது.

இப்போது கார்டு ஒரே அட்டை, முன்னும் பின்னும் அவ்வளவுதான். காய்கறி பரப்பிய சோறு பிபிம்பாப், கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப், நூடுல்ஸ் வகை ஜாப்சே, அரிசிமாவுக் கட்டைகள் போட்ட டொக்பொக்கி, மிளகாய் விழுது தடவிப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி, அதில் ஒரு குழம்பு, அதைப் போட்டு வதக்கிய சோறு, இரண்டு மூன்று சிக்கன் அயிட்டம், டேபிளில் சுடுகிற வெண்பன்றி. எழுத்துதான் எறும்பு ஊர்கிற அளவுக்குச் சின்னது, கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை, சப்ளையர் பையனைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பக்கத்தில் சைவமா, முட்டை உண்டா, மீன் சாறு உண்டா என்று குறி போட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. கிம்ச்சியில் மீன் சாறும் உப்புப் போட்ட கூனி இறாலும் சேர்ப்பார்கள் என்று நீதான் சொன்னாய். முட்டைக்கோஸ்தானே என்று நம்பி வாயில் வைத்தபிறகு தெரிந்திருந்தால் அம்மா அன்றைக்கு என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். அவள் கேட்டதும் பையன் யோசிக்காமல், "அது சிவப்புக் கிண்ணம்மா, இந்த வெள்ளைக் கிண்ணத்துல இறால் இல்ல, சோயா சாஸ்தான்" என்றான். சேலத்தில் ஆடி உண்டு, புரட்டாசி உண்டு, கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் உண்டு. அந்த மாதங்களில் குடும்பத்தோடு வருகிறவனுக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை என்றால் வாடகையை யார் கட்டுவது?

கேட்காமலேயே வந்த தொட்டுக்கைகள் எனக்குப் பிடித்தன. முளைகட்டிய பயறு, எள்ளெண்ணெய் விட்ட கீரை, முள்ளங்கி, கிம்ச்சி. சின்னச் சின்னக் கிண்ணம், தீர்ந்தால் மறுபடி வைக்கக் காசில்லை. அங்கே உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றாயே. இங்கே இரண்டாவது தடவை கேட்டபோது பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது. முதலாளி என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ. இலவசம் என்று வைத்தால் சிரித்துக்கொண்டே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவுச் சாப்பாடு என்று போர்டு போட்டுவிட வேண்டும். 1970களில் அரிசியை மிச்சம் பிடிக்க கொரியா அரசாங்கமே ஓட்டல் சோற்றுக் கிண்ணத்துக்கு அளவு வகுத்ததாக நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. சோறு மூடி போட்ட அதே மாதிரி எவர்சில்வர் கிண்ணத்தில்தான் வந்தது. திருப்பிப் பார்த்தேன், நம் சேலம் ஸ்டீலா என்று. முத்திரை ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குக் கல்சட்டி பிபிம்பாப், முட்டையும் கறியும் இல்லாமல். கொண்டுவந்து வைக்கும்போதே சடசடவென்று சத்தம். மேலே கேரட், வெள்ளரி, காளான், கீரை எல்லாம் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார்கள், நடுவில் அந்தச் சிவப்பு மிளகாய் விழுது. உடனே கிளறிவிடாமல் கொஞ்சம் விடுங்கள் என்றான் பையன். விட்டோம். சட்டியை ஒட்டிய சோறு பொன்னிறத்தில் காந்தல் பிடித்தது. அம்மா அந்த நீளக் கரண்டியை வைத்துச் சட்டியைச் சுரண்டுகிறாள், சுரண்டுகிறாள், நான் கை நீட்டினால் சட்டியை நகர்த்திக்கொள்கிறாள். இனிப்பும் காரமுமாக இருக்கிறது, காரம் இன்னும் போடலாம் என்பது அவள் தீர்ப்பு. முன்னே இதே ஓட்டலில் பாஸ்மதி போட்டுத்தான் பிபிம்பாப் என்றார்கள். அது உதிரியாக ஓடுகிற அரிசி, சட்டியில் ஒட்டாது, காந்தல் எங்கே வரும்? இப்போது ஒட்டுகிற குட்டை அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். விலை கூடத்தான் செய்யும்.

நான் ஜாப்சே சாப்பிட்டேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த நூடுல்ஸ், கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிகிறது. ஆத்தூர்ப் பக்கம் இத்தனை மரவள்ளி ஆலைகள் இருக்கும்போது இதை ஏன் கொரியாவிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று தோன்றியது. மரவள்ளி மாவில் அந்த இழுவை வருமா என்று நீ அங்கே யாரையாவது கேட்டுப் பார். டொக்பொக்கி எனக்கு ஒத்துவரவில்லை, பல்லில் ஒட்டுகிறது. பக்கத்தில் காலேஜ் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தின்றார்கள், அதனால் என் பேச்சைக் கணக்கில் எடுக்காதே.

இனி நான் சொல்ல வந்தது. அடுத்த டேபிளில் நாலு பேர் வெண்பன்றி சுட்டார்கள். கறியைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டு, கீரை இலையில் பூண்டோடு மடித்து அப்படியே வாய்க்குள். எங்கள் டேபிளுக்கும் அவர்கள் டேபிளுக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இல்லை. புகை வரவில்லை, வாசம்கூட லேசாகத்தான். கூரையிலிருந்து ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு குழாய், கையால் பிடித்து இழுத்தால் அடுப்புக்கு ஒரு சாண் உயரத்துக்கு இறங்கி வந்து புகையை உறிஞ்சிவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மா சேலையை முகர்ந்து பார்த்து, "பரவால்ல, துவைக்க வேண்டாம்" என்றாள்.

சாப்பிட்டு முடித்துக் கல்லாவில் இருந்த முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதுதான். நானும் மெஸ் வைத்திருந்தவன் என்றதும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். செலவில் பாதிக்கு மேல் எக்ஸாஸ்டுக்கும், சமையல்கட்டுத் தரைக்கும் சாக்கடைக்கும், ஒரு பெரிய பிரிட்ஜுக்கும் போய்விட்டதாம். மிச்சம் இருந்ததில்தான் முன்பக்கம். "முதல் தடவை தலைகீழா செஞ்சிட்டேங்க சார்" என்றார். முன்பக்கமும் நன்றாகவே இருக்கிறது. வெள்ளைச் சுவர், மரச் சட்டத்தில் காகிதம் ஒட்டிய தட்டிகள். மேடை போட்டுத் தரையில் உட்காருகிற இடம், கால் தொங்கவிடக் குழி விட்டிருப்பதால் அம்மா முட்டி வலியோடு உட்கார்ந்துவிட்டாள். சுவரில் ஒரே படம்: பெண்கள் கூடி உட்கார்ந்து முட்டைக்கோஸில் மிளகாய் விழுது தடவுகிறார்கள், அந்தக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததாகக் கீழே தமிழில் எழுதியிருக்கிறது. கொரியாவில் தரைக்குக் கீழே சூடு விடுவார்களாமே, இங்கே அந்தச் செலவு இல்லை, சேலத்து வெயில் அதையும் பார்த்துக்கொள்கிறது.

கிம்ச்சியை அவர்களே போடுகிறார்கள். ஊட்டியிலிருந்து நீளக் கோஸ் வருகிறது. சித்திரை, வைகாசியில் வெளியே அரை நாள் வைத்தாலே புளிப்பு ஏறிவிடும், உடனே பிரிட்ஜுக்குப் போக வேண்டும் என்றார். அதையும் மீறிப் புளித்தது வீண் இல்லை. புளித்த கிம்ச்சியில்தான் குழம்பு நன்றாக வருமாம், வதக்கிய சோற்றுக்கும் அதுதானாம். எனக்கு அந்த இடத்தில் கணக்கு விளங்கிவிட்டது. ஒரு கோஸ் தொட்டுக்கையாகப் போகிறது, மிஞ்சினால் குழம்பு, அதற்கும் மேல் சோறு. ஒரு சரக்கு மூன்று அயிட்டத்தில் ஓடுகிறது. கார்டு சின்னதானதற்குக் காரணம் அழகு இல்லை, பாப்பா.

இப்போது உன் ஏற்காட்டுக்கு வா. கிம்ச்சிக்கு அந்தக் குளிர் தோது, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், இங்கே மாதிரி மத்தியானத்துக்குள் பொங்கி வழியாது. அது ஒன்றுதான் உன் பக்கம். உன் படத்தில் இருக்கிற காகிதத் தட்டி ஐப்பசி பனிமூட்டத்தில் ஒரு மாதம் நிற்காது, பூசணம் பிடித்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் கூட்டம் தள்ளும், செவ்வாய், புதனில் ஊர் நடுவே ஒண்டிக்கடை முக்கில்கூட ஆள் தேட வேண்டும். அந்த நாட்களுக்கு நாலு அயிட்டம் மட்டும் வைக்க முடிகிற மாதிரி கார்டு போடு. கறியும் சிலிண்டரும் 20 கொண்டை ஊசி ஏறி வர வேண்டும், மழையில் மரம் விழுந்தால் அதுவும் வராது. கோடையில் தண்ணீருக்கு லாரிதான் என்று அங்கே நாம் பார்த்திருக்கிற கட்டிடத்தின் சொந்தக்காரரே ஒத்துக்கொண்டார்.

அவர் ஆடி போகட்டும், ஆவணி முதல் வாரத்தில் அட்வான்ஸ் பற்றிப் பேசலாம் என்கிறார். பின்பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஓட்டை போட விடுவாரா என்று கேட்டிருக்கிறேன். விடமாட்டேன் என்றால் வேறு இடம் பார்ப்போம். காப்பி எஸ்டேட் வழியில் இன்னொரு பழைய கட்டிடம் இருப்பதாகத் தரகர் சொல்கிறார்.

நீ செய்ய வேண்டியது: படம் வரைவதை நிறுத்திவிட்டு, உன் அயிட்டங்களை ஒரு தாளில் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன சரக்கு, அதில் இங்கே கிடைப்பது எது, வரவழைக்க வேண்டியது எது என்று போடு. வரவழைப்பது அதிகமாக இருக்கிற அயிட்டத்தை நீயே அடித்துவிடு. கறி அயிட்டங்களை ஆவணி பிறந்ததும் போய்ச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். அம்மா அந்தக் கல்சட்டி ஒன்று வேண்டும் என்கிறாள், வரும்போது பெட்டியில் இடம் இருந்தால் பார். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஏழு மணிக்குள் கூப்பிடு, அதற்கு மேல் உனக்கு அங்கே பத்தரை ஆகிவிடும்.

அப்பா