எடை எழுதிய கை

அம்பாசமுத்திரம்,
தை 21.

அன்பு மகளுக்கு,

நலமா? இங்கே நானும் அப்பாவும் நலம். போனில் பேசலாம்தான். ஆனால் நீ ‘ம்’, ‘சரிம்மா’, ‘மீட்டிங் இருக்கு’ என்று முடித்துவிடுகிறாய். நானும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். தீபாவளியிலிருந்தே இப்படித்தான் போகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

பார்சலில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு, கூழ்வற்றல், இட்லிப்பொடி வைத்திருக்கிறேன். எள்ளுருண்டையை இரண்டு தடவை டப்பாவில் போட்டேன், இரண்டு தடவை வெளியே எடுத்தேன். கடைசியில் வைத்துவிட்டேன். பிடித்தால் சாப்பிடு, இல்லாவிட்டால் கூட இருக்கும் பிள்ளைக்குக் கொடு. பின்கட்டில் ஒழுகிய ஓட்டை அப்பா ஆள் வைத்து மாற்றிவிட்டார். அவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 138. நடக்கச் சொன்னால் ஆற்றங்கரை வரை போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

பொங்கலுக்கு வந்தபோது, எடை குறைக்க அத்தை செய்துகொண்ட ஆபரேஷனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாய். எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், எப்போது எழுந்து நடமாடினாள், தழும்பு தெரிகிறதா என்று. நான் அரிசி களைந்துகொண்டே ஏதோ சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

2016-ல் மதுரையில் அவளுக்கு அது நடந்தபோது பத்து நாள் கூட இருந்தவள் நான்தான். அப்போது அவள் 112 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கு கிட்டத்தட்ட 45. இரண்டு வேளையும் இன்சுலின். ராத்திரி படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். மாமா பக்கத்தில் விழித்திருந்து தட்டி எழுப்புவார். நம் வீட்டு வாசலில் மூன்றே படி, அதை ஏற இரண்டு தடவை நிற்பாள். பட்டினி, நடை, பொடி, கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. அவளுக்கு அந்த ஆபரேஷன் உயிர்ப்பிச்சை. முதல் மாதத்திலேயே இன்சுலின் நின்றது. ஒன்றரை வருஷத்தில் 74-க்கு வந்தாள். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். கத்தி என்றாலே பயப்படுகிற அம்மா என்று நினைத்துவிடாதே.

மற்றதையும் பார்த்தவள்தான். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் அந்த எடுத்த பாகத்திலிருந்து வருவது, அதனால் பசியும் அடங்கிவிடும். எடுத்ததை மறுபடி வைக்க முடியாது. முதல் இரண்டு வாரம் மருந்து மூடியில் அளந்து 30 மில்லி, 30 மில்லியாக வடிகஞ்சியும் மோரும் கொடுத்தேன். ஒரு மூடி குடிக்கக் கால் மணி நேரம் ஆகும். நாலாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. அது திரும்ப முளைத்துவிட்டது, சரி. ஆனால் அவள் ஒரு வருஷத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டாள். பி12 இறங்கி, கால் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தெருவில் நடந்தாள். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 எல்லாம் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும், ஆயுசுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லத்தான் செய்தார்கள். அது காதில் ஏறுகிற நேரம் இல்லை.

பெரியப்பா மகளின் மறுவீட்டில் நீ வெளியே மொய் எழுதிக்கொண்டிருந்தாய். எனக்கும் அத்தைக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. சொதிச் சாப்பாடு. அவளுக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். மூன்று வாய் சாப்பிட்டாள். நாலாவது வாயைக் கையில் உருட்டி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. எழுந்து குழாயடிக்குப் போனாள், நான் பின்னாலேயே போய்த் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாயைக் கழுவிவிட்டு, “பசிக்கவே இல்ல மதினி. ஆனா திங்கணும் போல இருக்கு” என்று அழுதாள். இப்போது 83 கிலோ இருக்கிறாள். ஒன்பது கிலோ திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் படியேறுகிறாள், ராத்திரி தூங்குகிறாள். செய்ததற்கு வருத்தமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் பச்சைச் சுடிதாரை இஸ்திரிக்குக் கொடுக்கப் பையிலிருந்து எடுத்தபோது, நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. பிரித்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உயரம் 160, எடை 79, பிஎம்ஐ 30.9. ஸ்லீவ், அத்தைக்குச் செய்த அதே ஆபரேஷன். மூன்றரை லட்சம். இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு, இஸ்திரிக்காரர் வரவில்லை என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

கோபம் வந்தது. அப்பாவின் கண்புரைக்கு நீ டாக்டரிடம் கேட்ட கேள்விகள் எத்தனை! உன் வயிற்றில் கத்தி வைக்க அம்மாவிடம் ஒரு வார்த்தை கிடையாதா? அப்புறம் யோசித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கவுன்சிலிங்குக்குத் தனியாகப் போய், நீயே கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்து நின்ற பிள்ளை நீ. அதை இன்றும் ஊரில் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறேன். அந்த குணம்தான் இப்போது பயமாக இருக்கிறது. முடிவெடுத்துவிட்டுத்தான் சொல்வாய்.

என்னோடு வேலை பார்த்த டாக்டரம்மாவிடம், யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். 1991-ல் அமெரிக்காவில் வகுத்த கணக்கில் பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35-ம் கூடவே எடையால் வந்த பெரிய நோயும் இருக்க வேண்டும். 2022-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30-லிருந்தே யோசிக்கலாம், நம்மைப் போன்ற ஆசியக்காரர்களுக்கு 27.5-லேயே செய்யலாம் என்கிறார்கள். நமக்கு எடை கொஞ்சம் கூடும்போதே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது, அதனால். ஆக, உனக்கு எழுதிக் கொடுத்தவர் ஏமாற்றவில்லை. கணக்கில் நீ வருகிறாய். கணக்கில் வருவதும் கட்டாயம் தேவைப்படுவதும் ஒன்றா என்பதுதான் என் கேள்வி.

உனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. அது சர்க்கரை நோய் இல்லை, எல்லையில் நிற்கிறது. பிசிஓடி, அதுதான் சினைப்பை நீர்க்கட்டி, இருக்கிறது, மாதவிலக்கு தள்ளிப் போகிறது, தெரியும். மூச்சு நிற்பதில்லை. பொங்கலுக்கு நாலு ராத்திரியும் உன் பக்கத்தில்தான் படுத்திருந்தேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்சூரன்ஸில் இன்னும் பழைய கணக்குதான். 40, அல்லது 35-உடன் கட்டுக்கு அடங்காத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத்தடை இப்படி ஏதாவது இருக்க வேண்டும். உனக்குத் தர மாட்டார்கள். அப்படியென்றால் மூன்றரை லட்சமும் கடனா?

இன்னொன்று. உன் கைப்பையில் எப்போதும் ஜெலுசில் கிடக்கிறது. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் கூடலாம், இல்லாதவர்களுக்கே புதிதாக வரும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு, ஸ்லீவுக்குப் பதில் இரைப்பை பைபாஸ் முறையைச் சொல்வதும் உண்டு. இதை உன்னிடம் கேட்டார்களா? அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. தையல் போட்ட இடம் கசிவது, ரத்தம் உறைந்து அடைப்பது எல்லாம் அபூர்வம்தான். ஆனாலும் கேட்டுக்கொள். அப்புறம், ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. பிசிஓடி உள்ளவர்களுக்கு எடை இறங்கியதும் மாதவிலக்கு ஒழுங்காகிச் சட்டென்று தங்கிவிடும். ஊர் முழுக்க மாலா-என் கருத்தடை மாத்திரை கொடுத்து விளக்கம் சொன்னவள் நான். சொந்த மகளிடம் பேச வாய் வரவில்லை. எழுதிவிட்டேன்.

அவசரப்படாதே. முதலில் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார். நாலைந்து கிலோ குறைந்தாலே சர்க்கரை இறங்கி, மாதவிலக்கும் வழிக்கு வர வாய்ப்பிருக்கிறது. சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை இருக்கிறது. எடை குறைய வாரம் ஒரு தடவை போடுகிற மவுஞ்சாரோ ஊசி 2025-ல் இங்கேயும் வந்துவிட்டது. விலை அதிகம், நிறுத்தினால் எடை ஏறும். ஆனால் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தலாம் அல்லவா? வெட்டியதை அப்படி நிறுத்த முடியாது. ஆறு மாதம் பார். அதன் பிறகும் ஆபரேஷன்தான் என்றால் சரி. அவசரப்படாதே, அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நர்ஸம்மா பேச்சாக இருக்கிறது. நான் சொல்ல வந்தது இது இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் பாளையங்கோட்டைத் தரகருக்குக் கொடுக்க, உன் ஜாதக நகலோடு ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். எடை என்ற இடத்தில் 64 என்று எழுதினேன். தாள் பறக்காமல் இருக்க அதன் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். நீ குடிக்க டம்ளரை எடுத்தாய். தாளைப் பார்த்தாய். டம்ளரை அந்த ஈர வட்டத்திலேயே திரும்ப வைத்துவிட்டு உள்ளே போனாய். கதவோரத்தில் நின்று நான் பார்த்தேன். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாய்.

31 வருஷம் கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளை எடை பார்த்தவள் நான். அந்தத் தொங்கு தராசில் முள் நூறு நூறு கிராமாக நகரும். குழந்தை காலை உதைத்து அழும், முள் ஆடும். அது ஓயும் வரை காத்திருந்துதான் எழுதுவேன். ஒரு பிள்ளைக்கும் நூறு கிராம் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. உன்னையும் அதில்தான் தொங்கவிட்டேன். பிறக்கும்போது நீ 2 கிலோ 200. ஊருக்குச் சத்துணவு சொல்கிறவள் வீட்டில் நோஞ்சான் பிள்ளையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று, நீ வாயை இறுக்கி மூடினாலும் விடாமல் ஊட்டினேன். அட்டையில் நீ பச்சைக் கோட்டுக்கு ஏறிய மாதம், அதை அப்பாவிடமும் பக்கத்து வீட்டிலும் காட்டிவிட்டு வந்தேன். வயசுக்கு வந்த பிறகு அதே நான், உனக்கு மூன்றாவது தோசை ஊற்றாமல் அடுப்பை அணைத்தேன். தம்பி வந்ததும் மறுபடி பற்றவைத்தேன். நீ மேஜையில் படித்துக்கொண்டிருந்தாய். கல் காய்கிற சத்தம் உனக்குக் கேட்டிருக்கும்.

79-லிருந்து 64 போனால் 15. நான் குறைத்து எழுதிய அந்தப் பதினைந்து கிலோவைத்தான் நீ வெட்டி எடுக்கப் போகிறாயோ என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். தப்பு செய்துவிட்டேன், பாப்பா. பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லி நீ நோகக் கூடாது என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அதை எழுதவே கை நடுங்குகிறது.

தரகரிடமிருந்து தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். வேறு எழுதிக் கொடுக்கவில்லை. நீ சொல்லும் வரை கொடுக்க மாட்டேன். சர்க்கரைக்காக, உன் உடம்புக்காக, நீயே வேண்டும் என்று நினைத்து இதைச் செய்தால் நான் தடுக்கவில்லை. நான் எழுதியதைப் பார்த்துவிட்டுச் செய்கிறாய் என்றால் வேண்டாம் கண்ணு.

தேதி குறித்திருந்தால் சொல். மாசியில் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், அதைத் தள்ளிப்போடலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடுவேன். டாக்டர் அறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன், நீ கேட்கச் சொன்னதை மட்டும் கேட்பேன். செய்துகொண்டால் கஞ்சி வடிக்க நான் இருக்கிறேன், பி12 ஊசியும் நானே போட்டுவிடுவேன். செய்துகொள்ளாவிட்டாலும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன். எடையைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. கூழ்வற்றல் கவருக்கு அடியில் வைத்துத்தான் கட்டுகிறேன். எள்ளுருண்டை டப்பாவை எறும்பு வராத இடத்தில் வை.

அன்புடன்,
அம்மா