நடந்தே வந்த பாதிப் பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஏற்காடு டிரெயில் ஓட்டம் பற்றி உங்கள் நிருபர் எழுதியதைப் படித்தேன். “போட்டி என்றுதான் பெயர், பாதிப் பேர் நடந்தே வந்தார்கள்” என்கிறார். அந்தப் பாதிப் பேரில் நானும் ஒருத்தி. வயது ஐம்பத்திரண்டு, ஊர் சேலம், மலைப்பாதையில் ஓடியது இதுதான் முதல் தடவை. நீங்கள் போட்ட படத்தில்கூட இருக்கிறேன். மெடலைக் கடிக்கும் பையனுக்குப் பின்னால், அரை முகம்.

நிருபர் முடிவுக் கோட்டுப் பந்தலிலேயே உட்கார்ந்திருந்தார். தப்பில்லை, வெயில் அப்படி. ஆனால் காபித் தோட்டத்து முதல் ஏற்றம் வரைக்குமாவது வந்திருக்கலாம். ஒற்றையடிப் பாதை, முந்தின நாள் மழையில் செம்மண் சோப்பாக வழுக்கியது. பிடித்துக்கொள்ள மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம்தான். அதில் துள்ளி ஓடிய இளவட்டங்கள் அடுத்த வளைவிலேயே இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். முழங்கால்மேல் கையூன்றி ஒரே சீராக நடந்த நாங்கள் அவர்களைத் தாண்டிப் போனோம். செங்குத்தில் நடப்பதுதான் இந்த ஓட்டத்தின் முறையே. ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக ஒரு போட்டி நடக்கிறதே, சுமார் 170 கிலோமீட்டர், 10,000 மீட்டர் ஏற்றம், உங்களுக்குத் தெரியாததா? அதில் முதல் வரிசை வீரர்களே கைத்தடி ஊன்றித்தான் ஏறுகிறார்கள். அவர்களையும் ‘நடந்தே வந்தார்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

இறக்கம் இன்னும் மோசம். ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அதன் கணக்கு அடுத்த இரண்டு நாளில் வரும். வீட்டு மாடிப்படியில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன். வழியில் களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, “ஏன் கண்ணு, பஸ்ஸை விட்டுட்டியா?” என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டிலை நீட்டினார். அவர் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. கேட்டவர் தண்ணீரும் கொடுத்தார். சொல்லப்போனால், கடைசித் தண்ணீர்ப் பந்தலில் கேன் காலி. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அடையாள ரிப்பனையும் காணோம். எழுத வேண்டியது அதையல்லவா? உங்கள் கட்டுரையில் காலைப் பலகாரத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது.

ஆபத்தென்றால் ஊதி உதவி கூப்பிட ஆளுக்கொரு விசில் கொண்டுவரச் சொன்னதையும் நிருபர் கிண்டல் செய்திருக்கிறார். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டியும் பேய்க்காற்றும் அடித்து 21 பேர் குளிரில் விறைத்துச் செத்தார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம், 2018இல் நம் குரங்கணியில் காட்டுத்தீ. அப்போது மலையேறுவோரின் பாதுகாப்பு பற்றித் தலையங்கம் எழுதியது நீங்கள்தான்.

கோபம் இந்த ஒரு வரியால் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் உங்கள் மருத்துவப் பகுதியில், நாற்பது தாண்டிய பெண்கள் ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று போட்டீர்கள். மறுத்து இரண்டு பக்கம் எழுதினேன். அதை இரண்டு வரியாக்கி, நான் டாக்டருக்கு நன்றி சொன்னதுபோல் வெளியிட்டீர்கள். என் மாமியார் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். கிரிக்கெட் வீரர் முடிவெட்டிக்கொண்டால் அரைப் பக்கம், மாவட்ட தடகளப் போட்டி முடிவு வரி விளம்பரத்துக்கு மேலே ஓர் ஓரத்தில். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள்தான் ஊதிப் பெருக்கின. அதன்பின் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்த ஓட்டமே கிடையாது. உங்கள் நிருபர் போன்றவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் மலை ஓட்டங்களை அறிவிக்கும்போது வெறுமனே ‘10 கி.மீ.’ என்று போடாதீர்கள். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தார் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் அதை நம்பி மலைக்கு வந்துவிடுகிறார். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம், என்னுடையதானாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தையும் இரண்டு வரியாக்குவதென்றால், தயவுசெய்து மேலே உள்ள பத்தியிலிருந்து எடுங்கள். நன்றி மட்டும் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
சேலம்