மாலதிக்கு, உன் மறதியைப் பற்றி

மாலதி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இங்கே எல்லோரும் நலம், இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சின்னவள் அதே பிடிவாதம்தான். அது போகட்டும்.

பாலை அடுப்பில் வைத்தால் மறந்துபோகிறது, அண்ணன் மகள் பெயர் நாக்கு நுனியிலேயே நிற்கிறது, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று அழுதாயே, அப்படி நீயே தீர்ப்பு எழுதாதே. மறதி நோய் வந்த அம்மாவை இரவு பகலாகத் தனி ஆளாகப் பார்க்கிறாய், சேர்ந்தாற்போல் நாலு மணி நேரத் தூக்கம் கிடையாது. அந்தச் சுமைக்கு மூளை என்ன ஆகும் என்பதை யாராவது உனக்குச் சொன்னார்களா? தவளை டீச்சரின் உயிரியல் வகுப்பில் நீ தூங்கிய பாடத்தை இப்போது நான் நடத்தப்போகிறேன், கேள்.

நெருக்கடி வந்தால் அட்ரினல் சுரப்பி கார்டிசோலைச் சுரக்கும், அது ரத்தத்தோடு மூளைக்கும் போகும். எலிகளின் உடலில் இதே வேலையைச் செய்யும் ஹார்மோன், நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் போய்ச் சேர்கிறது என்று 1968-லேயே நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்இவன் குழு காட்டியது. அப்புறம் நம் பெங்களூரிலேயே, தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில், சுமந்த்ர சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினம் 2 மணி நேரம் என்று 10 நாள் அசையவிடாமல் அடைத்து, பிறகு மூளையைப் பார்த்தது. ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன! நினைவு தேய, பயம் தழைக்கிறது. உன் மெசேஜில் நான் கேட்டது இதைத்தான்: பெயர்கள் வரவில்லை, ஆனால் போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது.

அடுத்தது இன்னும் முக்கியம். அப்படி அடைத்த எலிகளை அப்புறம் 21 நாள் தொந்தரவில்லாமல் விட்டபோது ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்கு வந்துவிட்டது, அமிக்டலா வரவில்லை. எலிக்கு நடந்ததெல்லாம் நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2009-ல் வந்த ஓர் ஆய்வில், பரீட்சைக்குப் படித்துப் படித்து நொந்துபோன மருத்துவ மாணவர்களுக்குக் கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தடுமாறியது; பரீட்சை முடிந்து ஒரு மாத ஓய்வில் அது சரியாகிவிட்டது. ஆக, மறதி முதலில் விலகி, படபடப்பு அதற்கப்புறமும் கொஞ்ச காலம் இருந்தால், ஐயோ எனக்குச் சரியாகவே இல்லையே என்று பயந்துவிடாதே.

இருந்தாலும் நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பார். தைராய்டு ஹார்மோன், பி12 வைட்டமின் இரண்டில் எது குறைந்தாலும் மறதி வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

எனக்குக் கோபமெல்லாம் உன் அண்ணன் மேல்தான். மாதம் பணம் போட்டால் மகன் கடமை முடிந்ததா? ஓய்வில்தான் மூளை மீளும் என்றால், உனக்கு ஓய்வு கொடுக்க ஆள் வேண்டும், மாத்திரையும் தியான வகுப்பும் அந்த இடத்துக்கு வராது. வாரத்தில் இரண்டு ராத்திரி அவர் வந்து அம்மா பக்கத்தில் படுக்கட்டும். நீ கேட்கத் தயங்குவாய், தெரியும். நான் கேட்கட்டுமா? என்னிடம் அவர் பேச்சு எடுபடாது, அது உனக்கும் தெரியும்.

அரையாண்டு லீவு விட்டதும் நான் வந்துவிடுகிறேன். அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாடு ஊட்ட என்னால் முடியும். நீ உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. மாத்திரை நேரங்களை மட்டும் இப்போதே எழுதி அனுப்பு.

உன்,
வசந்தா